ஏழு நாள் சொந்தக்காரர்

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு இடத்தில் சொத்து இருக்கிறது. ஒன்று நுவரெலியாவில், வாவிக்கு மேலே. மற்றது திருகோணமலைப் பக்கத்துக் கடற்கரையில். இரண்டும் வருஷத்துக்கு ஏழு ஏழு நாள்தான் எங்களுடையவை. மிச்ச நாட்களில் நானும் என் வீட்டுக்காரரும் ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், தான் பிறந்த அதே காம்பராவில் இருக்கிறார்.

இதை ஆசிரியர் அறையில் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். இரண்டு விடுமுறை கிளப்பில் சொந்தக்காரி, ஒரு வீட்டுக்கும் சொந்தக்காரி இல்லை என்று. மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இந்த வருஷம் அந்தக் கதையை எடுப்பதில்லை.

அப்பாவின் லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. வெடிப்புக்கு மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி நட்டு, தினமும் காலையில் இரண்டுக்கும் நடுவே கை வைத்து அளந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுக்கிறார். "ஒரு சாண் ரெண்டு விரல்" என்பார். மறுநாள் "ஒரு சாண் மூணு விரல்" என்பார். மழை இல்லாத நாளில் விரல் ஏறுவதில்லை. மழை இல்லாத நாள் இப்போது அபூர்வம். அந்தக் காம்பராவிலிருந்து அவரை வெளியே கொண்டுவர முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். அதைத்தான் எழுதுகிறேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சித்திரை சீசனுக்கு நுவரெலியாவுக்குப் போனபோது, வீட்டுக்காரர் எங்கேயோ ஒரு அதிர்ஷ்டச் சீட்டை நிரப்பிப் போட்டார். அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்றால் மண்ணெண்ணெயைக்கூடக் குடித்துப் பார்க்கிற குணம். இரண்டு கிழமையில் அழைப்பு வந்தது. பரிசு விழுந்திருக்கிறதாம், குடும்பத்தோடு வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் போக வேண்டுமாம். போனோம். பழைய துரை பங்களா ஒன்றைப் புதுப்பித்துப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது. படங்கள் காட்டினாள், காசு கட்டினால் வருஷத்தில் ஒரு வாரம் இங்கே ஒரு அறை நமக்கே சொந்தம் என்றாள். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"ஒங்க அப்பா அம்மாவுக்குச் சொந்தமா காணி பூமி இருந்திச்சா டீச்சர்?"

இல்லை என்றேன். தாத்தாவுக்கும் இல்லை. யாருக்குமே இல்லை. வேலைக்கு ஆள் போகிற வரைக்கும் காம்பரா, ஆள் இல்லையென்றால் காம்பரா இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக் கதையும் அதுதான், அது அவளுக்கும் தெரியும். இதில் உரிமையாளர் என்று உறுதிப் பத்திரம் எழுதித் தருவோம், யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் என்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவை நினைத்தேன். அந்த ஒரு நினைப்புக்காகவே அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். கெட்டிக்காரி.

உறுதியில் அப்பா பெயரை முதலாவதாகப் போட்டோம். அப்பா அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. சம்பளத் தாளிலிருந்து சேமலாப நிதிப் பாரம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் இடது பெருவிரல்தான். இதற்கு விரல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு கிழமை காம்பராக் கதவின் உள்பக்கத்தில் சோக்குக் கட்டியால் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினார். நான் எழுதிக் கொடுத்த எழுத்தைப் பார்த்து, கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால். கிளப் அலுவலகத்தில் அவர் அந்தப் பெயரை எழுதி முடிக்கிற வரைக்கும் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். முடித்ததும் அந்தப் பெண் கை தட்டினாள்.

அந்தப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மூலையில் சந்தனமும் வைத்தார். லயத்தில் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். எத்தனை பேர்ச் காணி என்று கேட்டார்கள். இது பேர்ச் கணக்கு இல்லை, வாரக் கணக்கு என்று அப்பா விளக்கம் சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

இரண்டாவது கிளப்பை வாங்கியது அடுத்த வருஷம். மலைநாட்டு வாரத்தைக் கொடுத்துக் கடற்கரை வாரத்தை மாற்றிக்கொள்ளலாம், இரண்டு கிளப்பிலும் இருப்பவர்களுக்குத்தான் அந்த வசதி என்று ஒரு கோட் போட்டவர் சொன்னார். மாற்றவெல்லாம் முடியாது. அந்தக் கிளப்புக்கு இந்தக் கிளப்பைத் தெரியவே தெரியாது. அதைவிட மோசம், இரண்டிலும் எங்களுக்கு விழுந்தது கார்த்திகையின் அதே வாரம். மலையில் அடைமழை, கீழே கடல் கொந்தளிப்பு, பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. வேறு யாரும் வாங்காத வாரத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். ஒப்பந்தத்தில் எல்லாமே நல்ல ஆங்கிலத்தில், தெளிவாக இருந்தது. நான் படிக்கவில்லை. இங்கேயும் அப்பா பெயரைத்தான் முதலில் போட்டேன். அவருக்கு அது இரண்டாவது கையெழுத்து.

இரண்டும் கைக்கு வந்த முதல் வருஷம், யாரும் போக வேண்டாம், மழையில் போய் என்ன செய்வது என்று நான் சொன்னபோது அப்பா பதறிப்போனார். தோட்டத்தில் விடியக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால்தான் அன்றைக்குச் சம்பளக் கணக்கில் பேர் விழும். பிந்திப் போனால் அரைப்பேர். தொடர்ந்து போகாவிட்டால் செக்ரோல் பதிவிலிருந்தே பெயரை வெட்டிவிடுவார்கள். அவர் அறுபது வருஷம் பார்த்தது அதைத்தான். சொந்தமான இடத்துக்குப் போகாமல் இருக்கலாம் என்பது அவருக்குப் புரியவே இல்லை. "ஆளு போகலன்னா பேர வெட்டிருவாங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் தானே போகிறேன் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ராகலையில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய்விட்டார்.

ஏழு நாளும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. விடியக் காலையில் எழும்பி, கட்டிலைத் தானே சரிசெய்து, பையைக் கதவோரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாராம். வாவிக்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள் என்று நான் போனில் சொன்னால், "யாராச்சும் பாக்க வந்தா ஆளு இருக்கணும்ல" என்பார். ஒவ்வொரு நாளும் நான் பேசும்போது முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் எங்கயும் போகல."

கடற்கரை வாரத்துக்கு அந்த வருஷம் ஆள் போகவில்லை. அங்கே பெயர் போய்விட்டது என்றே அப்பா முடிவு கட்டினார். பிறகு பராமரிப்புக் கட்டணம் கட்டச் சொல்லி அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாவுக்கோ பெரிய நிம்மதி. பெயர் இருக்கிறதே.

வெடிப்பு போன மார்கழி மழையில் விழுந்தது. முதலில் விரல் நுழைகிற அளவுதான். பிறகு அதிகாரிகள் வந்தார்கள், மேட்டைப் பார்த்தார்கள், பன்னிரண்டு காம்பராக் கதவிலும் இங்கே குடியிருப்பது ஆபத்து என்று சிவப்புத் தாள் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் கிராம சேவகர் விவரம் எழுதுகிற பாரத்தோடு வந்தார். லயத்தில் இருக்கிற எல்லாருக்கும் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் தரப் போகிறார்களாம், அதுவரைக்கும் பந்து விளையாடுகிற மைதானத்தில் தகரக் கொட்டில் போட்டுத் தருவார்களாம். ஒவ்வொரு காம்பராவாகப் போய்ப் பெயர், பிள்ளைகள், தொழில் என்று கேட்டு எழுதினாராம். கடைசிக் கேள்வி, வேறு எங்கேயாவது சொந்தமாகக் காணி, வீடு உண்டா என்பது.

அன்று பின்னேரம் அப்பா எனக்குப் போன் எடுத்தார். குரல் அப்படி ஒரு தெம்பாக இருந்தது. பதினொரு காம்பராவிலும் இல்லை, இல்லை என்றுதான் சொன்னார்களாம். இவர் ஒருவர்தான் உண்டு என்று சொன்னாராம். கிராம சேவகர் சிங்களத்தில் கேட்டதற்கு, இவரும் சிங்களத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

"தியெனவா மாத்தயான்னு சொன்னேன். ஒண்ணு இல்ல, ரெண்டு எடத்துலன்னு சொன்னேன். கண்ணாடி போட்ட பத்திரத்தக் கழட்டிக் காட்டினேன். அவரு நின்னு பாத்து எழுதிக்கிட்டாரு."

நானும் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. படித்தவள், பாரம் என்றால் என்ன, பட்டியல் என்றால் என்ன என்று தெரிந்தவள், "அப்படியாப்பா, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பதினொரு குடும்பத்துக்குக் காணி என்று இருந்தது. அப்பா பெயருக்கு நேரே இரண்டு சொல், சொத்து உள்ளவர்.

மற்றவர்கள் மைதானத்துக்குப் போனார்கள். போகும்போது கதவு, ஜன்னல், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் போட்ட தகரம், அவர்கள் எடுத்துப் போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அந்த நீள லயத்தில் ஒரு காம்பராவுக்குத்தான் கதவு இருந்தது. பக்கத்துக் காம்பராவின் அடுப்படியில் மழைத் தண்ணீர் நின்றது. அப்பா தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு ஆளோடு இருந்த இடத்தில் விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் கேட்டது எனக்குப் பயமாக இருந்தது. பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெடிப்பைக் காட்டினார். அப்போது கையை மடக்கி உள்ளே விடலாம்.

ஹட்டனுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். மகள் வீட்டில் நாலு நாள் இருக்கலாம், அதற்கு மேல் சரிவராது என்றார். அதைக்கூட நான் பேசி மாற்றியிருப்பேன். ஆனால் காம்பராவைப் பூட்டிவிட்டு வந்தால் அதுவும் போய்விடும் என்பதை என்னால் பேசி மாற்ற முடியாது, ஏனென்றால் அது உண்மை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை போனேன். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். ஏழு நாள் சொத்து என்பதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அது சொத்து இல்லை என்று அந்த இரண்டு கிளப்பிடமும் கடிதம் வாங்கி வரச் சொன்னார். எழுதினேன். நுவரெலியாக் கிளப் தடித்த தாளில் பதில் போட்டது, அப்பா தங்களுடைய மதிப்புக்குரிய உரிமையாளர் என்று. நான் கேட்டதற்கு நேர் எதிர். கடற்கரைக் கிளப்பிலிருந்து மாதக்கணக்கில் சத்தமே இல்லை. பிறகு ஒருவர் அழைத்து, இன்னும் ஒரு வாரம் சேர்த்து வாங்கினால் பெரிய அறை கிடைக்கும் என்றார். என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு திட்டியதில்லை. முடிவில் அந்த அதிகாரியே ஒரு வழி சொன்னார். அப்பா தன் கையால் சத்தியக் கடிதம் ஒன்று தரட்டும், எங்கும் எதுவும் சொந்தமில்லை என்று. அதைக் கொடுத்த பிறகு நேரில் வந்து பார்ப்போம், ஆள் அந்தக் காம்பராவில்தான் குடியிருக்கிறார் என்று உறுதியானால் பெயரைச் சேர்க்கலாம்.

அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. மழை பிடித்தது பிடித்ததுதான். காலை அழைப்பில் ஒரு சாண் என்றார், பிறகு விரல்கள் ஏறத் தொடங்கின. என் வீட்டுக்காரர் வேன் எடுத்துப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றார். நான் வேறு வழி செய்தேன். கிளப் வாரம் வந்துவிட்டது, இந்த முறை ஆள் போகாவிட்டால் நிச்சயமாகப் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு கிளப் வாங்கியதில் எனக்குக் கிடைத்த ஒரே பலன் அந்த ஏழு நாள்தான். ஏழு நாளும் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

கடைசி நாள் காலையில் சத்தியக் கடிதத்தோடு நான் நுவரெலியாவுக்குப் போனேன். பத்து மணிக்கு அறையை விட வேண்டும். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையைக் கதவோரம் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வாவி தெரியவில்லை, மழைதான் தெரிந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இந்நாட்டில் எவ்விடத்திலும் எனக்குச் சொந்தமாகக் காணியோ வீடோ கிடையாது.

"இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலை, திரைச்சீலையை, மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த கிளாசை.

"அப்ப இது?"

"இது சும்மா தங்கிப் போற எடம்ப்பா. அவ்வளவுதான்."

"நான் கையெழுத்துப் போட்டேனேம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் ஏமாந்தேன், உங்களையும் ஏமாத்திட்டேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழாதே என்றுதான் சொன்னார். பேனாவை நீட்டினேன். வாங்கினார். எழுதவில்லை. பேனாவின் முனையை இடது பெருவிரலில் தேய்த்தார், விரல் முழுக்க நீலமாகிற வரைக்கும் தேய்த்தார், பிறகு கடிதத்தின் அடியில் அழுத்தி வைத்தார்.

"கையெழுத்து அதுக்குன்னு பழகினது" என்றார்.

கீழே சாவியைக் கொடுக்கும்போது, மழை விடுகிற வரைக்கும் இன்னும் இரண்டு நாள் அறை கிடைக்குமா என்று கேட்டேன். மேசையில் இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டு மணிக்கு அடுத்த வாரத்துச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். அப்பாவைப் பார்த்து, அடுத்த வருஷம் சந்திப்போம் சேர் என்றார். அப்பா கும்பிட்டார்.

கடிதத்தை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரி வாங்கிப் பார்த்து, இரண்டு மூன்று நாளில் நேரில் வந்து பார்ப்போம் என்றார். பஸ் நிலையத்தில் நான் ஹட்டன் பஸ்ஸைக் காட்டினேன், அப்பா உடப்புசல்லாவை பஸ்ஸைக் காட்டினார். அந்த இரண்டு மூன்று நாளாவது என்னோடு இருங்கள் என்றேன். மைதானத்தில் யாராவது ஒருவருடைய கொட்டிலிலாவது படுங்கள் என்றேன். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்.

"பாக்க வரும்போது காம்பரா பூட்டியிருந்தா என்னா எழுதுவாங்க? இவனுக்குப் போக வேற எடம் இருக்குன்னுதானே எழுதுவாங்க?"

அவர் ஏறினார். ஜன்னல் கண்ணாடியில் ஆவி பிடித்திருந்ததால் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. பஸ் போகிற வரைக்கும் நின்றேன்.

அது முந்தாநாள். நேற்றுக் காலை ஒரு சாண் நாலு விரல் என்றார். இரவு முழுக்க ஹட்டனில் தகரத்தை உடைக்கிற மாதிரி மழை. நானும் வீட்டுக்காரரும் விடிவதற்கு முன்பே வேனில் கிளம்பிவிட்டோம். நானுஓயா தாண்டும்போது போன் வந்தது. எத்தனை விரல் என்று கேட்டேன்.

"மேல நட்ட குச்சி இருக்கும்மா. கீழ நட்டதக் காணோம்."

உடனே வெளியே வாருங்கள், மைதானத்துக்கு ஓடுங்கள் என்று கத்தினேன். வீட்டுக்காரர் வேனை ஓரங்கட்டிவிட்டுப் போனைப் பிடுங்கி அவரும் கத்தினார். அப்பாவின் குரல் மட்டும் ஏறவே இல்லை. கிளப் அறையிலிருந்து பேசுவாரே, அதே குரல்.

"இன்னைக்குக் காம்பராவப் பாக்க வர்றோம்னு ஆபீஸ்லருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. கதவத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். நீங்க பதறாம வாங்க. நான் எங்கயும் போகல."